பாதியில் திரும்பாதவன்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள். ஆறாவது ஆள் என் கணவரின் தம்பி. மார்டள்ளியிலிருந்து கல்யாணமாகி நான் மைசூருக்கு வந்தபோது அவனுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. மாமியார் போய்ச் சேர்ந்துவிட்ட வீடு. அவனுக்குத் தலை வாரியது, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தது, பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தது எல்லாம் இந்தக் கைதான். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுத மாட்டேன். பெயர் எழுதுவது ஒரு மரியாதை. அந்த மரியாதை அவனுக்கு என்னிடம் கிடையாது.

அவனைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம். அவனுக்குத் திரும்பத் தெரியாது.

மீசை அரும்புகிற வயதில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கூட்டிப்போயிருந்தோம். சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றோரம் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். அக்கரைக்கு நீந்திப் போகிறேன் என்று இறங்கினான். நடு ஆற்றில் கை ஓய்ந்துவிட்டது. கரையிலிருந்து அவன் அண்ணன் கத்துகிறார், வாடா, வாடா என்று. திரும்பினால் கிட்டத்தில் கரை. அவன் எதிர்க்கரையைப் பார்த்தே போனான். ஒரு பரிசல்காரர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். வயிற்றை அமுக்கத் தண்ணீர் தண்ணீராகக் கக்கினான். கக்கி முடித்ததும் அவன் சொன்ன முதல் பேச்சு, இன்னும் கொஞ்ச தூரந்தான் இருந்துச்சு.

இன்னொன்று. மைசூர்க் கல்யாணங்களில் ஒப்பட்டு, அதுதான் போளி, பரிமாறுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தின்கிறவன் வாயைத் திறந்து சாக்கு, போதும், என்று சொல்கிற வரைக்கும் இலையில் வைத்துக்கொண்டே இருப்பார்கள். இவன் சொல்ல மாட்டான். பரிமாறுகிறவனுக்கும் வீம்பு. பந்தியே எழுந்து கை கழுவிவிட்டது. இவன் மட்டும் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தான். அப்புறம் பந்தலுக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வெளியே தள்ளினான். நான்தான் முதுகைத் தடவிவிட்டேன். அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பிள்ளைகளிடம் சிரிப்பாக இருப்பதெல்லாம் பெரியவன் ஆன பிறகு அடுத்தவன் தலையில்தான் விடியும் என்று தெரியவில்லை.

மில்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவனுக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. மில் ஆட்கள், தபால் ஆபீஸ் ஆட்கள், தமிழர்கள், கன்னடத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். இவன் தலைவன். சங்கராந்தி கழிந்ததும் ஒரு லாங் ரைடு. விடிவதற்கு முன்னே மைசூரில் கிளம்பி, நஞ்சன்கூடு, சாமராஜநகர், கொள்ளேகால், ஹனூர் என்று போய் இருட்டுகிற நேரத்துக்கு எங்கள் மார்டள்ளி. அங்கே பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து எழுந்து, மறுநாள் பொழுது சாய்வதற்குள் நரசீபுரம் வழியாக மைசூர். பின்னால் வண்டி எதுவும் வராது. டியூப், பம்ப், சோறு, போர்வை எல்லாம் அவரவர் கேரியரில். கடையில் வாங்கித் தின்னலாம். குழாயில் தண்ணீர் பிடிக்கலாம். கூட ஓட்டுகிறவன் கை கொடுக்கலாம். வீட்டு ஆட்கள் மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்து வாங்கினால் அந்த ஆள் கணக்கில் இல்லை. இந்தச் சட்டமெல்லாம் அவன் போட்டதுதான்.

யார் போகலாம் என்பதையும் அவன்தான் முடிவு செய்வான். ஆயுத பூஜை அன்றைக்குச் சங்கத்துச் சைக்கிள்களை எல்லாம் கழுவி, மாலை போட்டு, வரிசையாக நிறுத்துவார்கள். பூசணிக்காய் உடைத்த பிறகு இவன் குங்குமத் தட்டோடு வருவான். ஆள் தயார் என்று நினைத்தால் சைக்கிள் ஹேண்டில்பாரில் பொட்டு வைப்பான். இல்லை என்றால் குனிந்து பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, ஆளைப் பார்க்காமல் சைக்கிளைப் பார்த்து, “இன்னும் ஆகலை” என்பான். அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. எத்தனை பேர் அந்த ஒரு சொல்லுக்காக வருஷம் முழுவதும் சாமுண்டி மலையில் ஏறி இறங்கினார்கள் தெரியுமா? அவன் வாயில் இன்னொரு சொல்லும் இருந்தது. “பாதியில திரும்புறவன் பாதி ஆளு.”

தொண்ணூறாம் வருஷ வாக்கில் என் கணவரும் அந்த ரைடு போனார். தம்பி தலைவனாக இருக்கிற சங்கம், அவருக்குப் பெருமை. ஹனூர் தாண்டி கௌதள்ளி ஏற்றத்தில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. பஸ் ஏறி வந்துவிடுகிறேன் என்றிருக்கிறார். எல்லார் முன்னாலும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறான். பெற்ற தகப்பன் மாதிரி தூக்கி வளர்த்த அண்ணனை, பாதி ஆள் என்று. அவர் ஓட்டினார். மைசூர் வரைக்கும் ஓட்டினார். அதற்கப்புறம் அந்தக் கால் மடங்கவே இல்லை. மில்லில் நின்று பார்க்கிற வேலையை விட்டு, கேட்டில் உட்கார்கிற வேலைக்குத் தள்ளினார்கள். வீட்டில் நாங்கள் எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து தின்போம். அவர் மட்டும் ஸ்டூல் போட்டு, எங்கள் தலைக்கு மேலே, தனியாகத் தின்றார்.

“விடு புள்ள, அவன் சின்னவன்,” என்பார்.

நான் விடவில்லை. சண்டையும் போடவில்லை. உறை ஊற்றிய பாலைப் போல ஓரமாக எடுத்து வைத்தேன். அது தன்பாட்டுக்குப் புளித்தது.

என் கடைசி மகள் அப்போது ஊதுபத்திக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவின் சைக்கிளைத்தான் ஓட்டுவாள். குறுக்குக் கம்பி போட்ட ஆண்பிள்ளை சைக்கிள். சுடிதாரை முடிச்சுப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவாள். ஒருநாள், அந்த ரைடுக்கு நானும் போகிறேன் என்றாள். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முதல் வருஷம் ஆயுத பூஜைக்குச் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பெடலைச் சுற்றிவிட்டு, இன்னும் ஆகலை என்றான். சரி, பொம்பளைப் பிள்ளை, முதல் வருஷம் என்று எல்லாரும் பேசாமல் இருந்தார்கள்.

அந்த வருஷம் முழுவதும் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சைக்கிள் தெரியாது. பிள்ளைகளைத் தெரியும். முதலில் எல்லாம் பசித்த பிறகு தின்றுகொண்டிருந்தாள், ஓட்டிவிட்டு வந்து வாசற்படியில் சுருண்டு படுப்பாள். அப்புறம் பசிக்கும் முன்னே தின்னக் கற்றுக்கொண்டாள். கடலை உருண்டையைத் துணியில் முடிந்து ஹேண்டிலில் கட்டிக்கொள்வாள், ஏரி வந்தால் ஒன்று, ஊர் வந்தால் ஒன்று. மழையில் எளந்தூர்ப் பக்கம் பஞ்சர் ஆகி, ஒரு புளிய மரத்தடியில் தானே ஒட்டிக்கொண்டு, தாமதமாக வந்தாலும் முகம் வாடாமல் வந்தாள். பையில் முதலில் வீட்டையே அடைத்துக்கொண்டு போவாள், வரவர அது பூனைக்குட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அவள் தயார் என்று எனக்குத் தெரிந்தது வேறொரு நாளில். காலையில் குண்டல்பேட்டைக்கு என்று கிளம்பியவள் வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்தாள். நஞ்சன்கூடு தாண்டினதும் மூட்டு பேச ஆரம்பித்துவிட்டது அம்மா, அதான் வந்துவிட்டேன் என்றாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள், இரண்டு வாய் மோர் குடித்தாள், படுத்துத் தூங்கினாள். அழவில்லை, யார் மேலும் எரிந்து விழவில்லை. தன் உடம்பு சொன்னதைக் கேட்டுத் திரும்புகிறவளை எந்த ரோட்டிலும் தனியாக விடலாம். அன்றைக்குத்தான் நான் என் மனசுக்குள் அவளுக்குப் பொட்டு வைத்தேன்.

அவன் காதுக்கும் அது போயிருக்கிறது. இரண்டாவது வருஷம் ஆயுத பூஜையில், பெடலைக்கூடச் சுற்றவில்லை.

“நஞ்சன்கூடு தாண்டல, அதுக்குள்ள அம்மா ஞாபகம் வந்துருச்சு. இதுக்குப் போயிப் பொட்டு வெக்கறதா?”

எல்லாரும் சிரித்தார்கள். என் மகள், மூட்டு வலித்தது சித்தப்பா, அதனால்தான் என்றாள். அவனுக்குக் காது கேட்கவில்லை, அடுத்த சைக்கிளுக்குப் போய்விட்டான். பொட்டு வைத்த சைக்கிள்களுக்கு நடுவில் என் வீட்டுச் சைக்கிள் மட்டும் தாலி அறுத்தவள் மாதிரி நின்றது. என் கணவர் வரிசைக்குப் பின்னால், கம்பை ஊன்றிக்கொண்டு, அவரும் கொஞ்சம் சிரித்தார். தம்பி சிரித்தால் சிரித்துவிடுகிற மனுஷன். அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு அந்தத் தயிர் உறைந்தது.

மூன்றாவது வருஷம். இதற்குள் அவன் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். தொப்பை விழுந்துவிட்டது. ஸ்கூட்டரில்தான் போகிறான். ரைடு அன்றைக்குக் கொடி அசைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான், சைக்கிளைத் தொட்டே வருஷங்கள் ஆகியிருந்தன. தசரா விளக்கு பார்க்க எங்கள் மாடிக்கு ஏறியவன் நடுப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதோ யோசிக்கிறவன் மாதிரி நின்றான். வளர்த்தவளுக்குத் தெரியாதா? மூச்சு வாங்கியது. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆயுத பூஜை அன்றைக்குப் பூஜைக்காக அவனுடைய பழைய சைக்கிளையும் துடைத்து வரிசையின் தலையில் நிறுத்தியிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தாயிற்று. அவன் தட்டை எடுக்கக் கை நீட்டுவதற்குள் நான் எடுத்தேன். நேராகப் போய் அவன் சைக்கிளில் பொட்டு வைத்தேன். பெரிய பொட்டாக வைத்தேன்.

“இந்த வருஷம் தலைவரும் ஓட்டறாரு. ஓட்டறவன் சொன்னாத்தானே அடுத்தவன் கேட்பான். இல்லீங்களா தம்பி?” என்றேன்.

வைத்த குங்குமத்தை அழிக்க முடியாது. நல்ல நாளில், பூஜையில், வளர்த்த அண்ணி வைத்த பொட்டை எந்த ஆண்பிள்ளை கையால் துடைப்பான்? அதைவிட, வேண்டாம் என்று சொல்ல அந்த வாய்க்குப் பழக்கமே இல்லை. தபால் ஆபீஸ்காரர்தான் மெதுவாக, “அண்ணா, அம்மா ஹேளோது சரி அல்வா,” அம்மா சொல்வது சரிதானே, என்றார். அவன் முகம் கறுத்தது. அப்புறம் சிரித்தான். ஓட்டுகிறேன், அதற்கென்ன என்றான். நான் தட்டை அவன் கையில் கொடுத்து, என் மகள் சைக்கிளைக் காட்டினேன். இப்போது அவன் மறுத்தால் பயந்துவிட்டான் என்று ஆகிவிடும். வைத்தான். பாதிக் குங்குமம் சக்கரத்தில் கொட்டியது.

அவன் தயாராக இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

அவன் பெண்டாட்டி நல்லவள். பொங்கலுக்கு முன்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்குது அக்கா, பயிற்சிக்கும் போகலை, கேட்டா ஓட்டினவனுக்கு எதுக்குப் பயிற்சிங்கறார், நீங்க சொன்னா நிறுத்திடுவார் என்றாள்.

“நான் சொல்லி நிக்க வேண்டாம். அவனே சொல்லட்டும். எல்லார் முன்னாலயும், நான் தயாரா இல்லைன்னு ஒரு வார்த்தை. அன்னிக்கே நிறுத்திருவோம். எனக்கு அந்த வார்த்தைதான் வேணும்,” என்றேன்.

அவன் சொல்லவில்லை. கிளம்பினான்.

நான் பஸ்ஸில் மார்டள்ளிக்கு முன்னாலேயே போய்விட்டேன். என் தம்பி வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிரில். பொழுது இறங்க இறங்க ஒவ்வொருத்தராக வந்தார்கள். என் மகள் நடுவில் வந்தாள், முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். குழாயில் முகம் கழுவினாள், தன் பையிலிருந்து எடுத்துத் தின்றாள், வராந்தாவில் போர்வையை விரித்தாள். என் தம்பி வீட்டில் கோழி வெந்துகொண்டிருந்தது. பெற்ற பிள்ளை பத்தடி தூரத்தில் காய்ந்த சப்பாத்தி தின்கிறாள், நான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டம் சட்டம்தான்.

விளக்கு வைத்த பிறகு அவன் வந்தான். சைக்கிளிலிருந்து காலைத் தூக்கி இறங்க முடியவில்லை, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து அதிலிருந்து உருவிக்கொண்டான். உதடு வெடித்திருந்தது. வழியில் தின்றானா, குடித்தானா தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தான். சின்ன வயதில் விழுந்து எழுந்தால் வருவானே, அந்த மாதிரி வந்தான்.

“அண்ணி, கொஞ்சம் தண்ணி.”

என் பக்கத்தில் நிறைசொம்பு இருந்தது.

“குழா அங்கிருக்குது தம்பி. நான் குடுத்தா நீ கணக்குல இல்லாமப் போயிருவ,” என்றேன்.

சொம்பைப் பார்த்தான். அப்புறம் தெருவைக் கடந்து குழாய்க்குப் போனான். உட்கார்ந்து பிடிக்க முடியாமல் குனிந்து வாயை வைத்துக் குடித்தான்.

என் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. “ஏனக்கா, வளத்த பையனுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்கக் கூடாதா?”

“வளத்தவ நானுன்னுதான் குடுக்கல,” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உள்ளே போய்விட்டான்.

காலையில் எல்லாரும் அவனிடம், இனி ஓட்ட வேண்டாம் என்று சொன்னார்கள். என் மகளும் போய், பஸ்ஸில் போகலாம் சித்தப்பா, அதில் தப்பே இல்லை என்றாள். அவளுக்குக் குத்திக் காட்டத் தெரியாது, அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அவன் சைக்கிளை எடுத்தான்.

ஹனூர் போகும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கௌதள்ளி தாண்டி ரோட்டோரம் ஒரு சைக்கிள் கிடந்தது. பக்கத்தில் அவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பஸ்ஸைப் பார்த்தான். கை தூக்கினான்.

வாயால் சொல்லாததைக் கை சொல்லியது. கண்டக்டர் இறங்கிச் சைக்கிளைக் கூரைமேல் ஏற்றினார். உள்ளே வந்தவன் என்னைப் பார்த்தான். என் பக்கத்தில் இடம் இருந்தது, என் பை இருந்தது. நான் பையை எடுக்கவில்லை. அவன் எடுக்கச் சொல்லவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், தொடை இரண்டும் தறி மாதிரி அடித்துக்கொண்டன. கொள்ளேகாலுக்கு முன்னால் பஸ் ஒரு சைக்கிளைத் தாண்டியது. என் மகள். சீராக மிதித்துக்கொண்டு, ஒரு கையில் பிடித்த கடலை உருண்டையைக் கடித்துக்கொண்டு போனாள். அவன் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

பொழுது சாய்வதற்குள் அவள் மைசூர் வந்து சேர்ந்தாள். என் கணவர் மில் கேட்டில் நின்று கை தட்டினார்.

மறு வருஷம் ஆயுத பூஜைக்குச் சங்கத்தார் தட்டை என் மகளிடம் கொடுத்தார்கள். தபால் ஆபீஸ்காரர் ஏற்பாடு. அவள் ஒவ்வொருத்தரிடமும் கேள்வி கேட்டாள், காரணத்தோடு சொன்னாள். வரிசையின் கடைசியில் அவன் சைக்கிளோடு நின்றான். உடம்பு கொஞ்சம் இளைத்திருந்தான். அவனைக் கேட்டாள்.

“போன தடவை எங்க நின்னிருக்கணும் சித்தப்பா?”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மார்டள்ளியிலயே,” என்றான்.

“இந்த வருஷம் வேண்டாம் சித்தப்பா. இன்னும் மூச்சு சரியாகல. தெனம் கொஞ்சம் ஓட்டுங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

அவள் அதை நல்லதுக்குத்தான் சொன்னாள். அவளுக்கு அது கேள்வி. எனக்கு அது சாப்பாடு. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்புகிற வரைக்கும் கண்ணால் தின்றுகொண்டிருந்தேன். பசி அடங்கியது என்று எழுத ஆசைதான். அன்றைக்கு ராத்திரியும் என் கணவர் ஸ்டூலில்தான் உட்கார்ந்து தின்றார். அது எப்படி அடங்கும்?

இப்போது இரண்டு பேரும் இல்லை. முதலில் அவர் போனார். போன வருஷம் அவன். நான் அழுதேன். வளர்த்தவள் அழாமல் இருக்க முடியுமா? அழுதேன் என்பதற்காக மன்னித்தேன் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

போன வாரம் அவனுக்கு வருஷத் திவசம். அவன் மகன்கள் வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல, நடுவில் ஒரே சுவர். சங்கத்து ஆட்கள் வந்து படத்துக்கு மாலை போட்டுப் பேசினார்கள். புதுப் பையன் ஒருத்தன் மைக்கில் சொல்கிறான், அந்தக் காலத்திலேயே ஒரு பெண் பிள்ளையின் சைக்கிளுக்குப் பொட்டு வைத்து அனுப்பிய பெரிய மனசுக்காரர் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன்.

இந்தா கண்ணு, பாட்டி எழுதினதை முதலிலிருந்து படித்துக் காட்டு. உனக்குக் கன்னடம் மாதிரி தமிழ் ஓடாது, எழுத்துக் கூட்டித்தான் வரும், பரவாயில்லை. மெதுவாகவே படி. ஆனால் அந்தச் சுவரோரமாக உட்கார்ந்து, நல்ல சத்தமாகப் படி.